பெற்றோரின் திருமணத்தைத் தேடுதல்: குன்னத்தூர் வட்டாரத்துக்கான வழிமுறை

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் குன்னத்தூர் வட்டாரத்தில் நடந்த திருமணங்களில் பெரும்பாலானவற்றுக்கு அரசுப் பதிவு கிடையாது. முகூர்த்தக்கால் நட்டு, சீர்கள் செய்து, உறவும் ஊரும் பார்க்கத் தாலி கட்டினால் போதும் என்பதே நடைமுறை. சட்டமும் அதை ஏற்றது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 8ஆம் பிரிவு பதிவுக்கு வழி செய்தது. ஆனால் பதிவு செய்யாததால் திருமணம் செல்லாமல் போகாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் எல்லா மதத்தவருக்கும் திருமணப் பதிவு கட்டாயமானது, 2009ஆம் ஆண்டுத் திருமணங்கள் பதிவுச் சட்டம் அந்த ஆண்டு நவம்பர் 24 அன்று நடைமுறைக்கு வந்த பிறகுதான். அதற்கு முந்தைய தலைமுறையின் திருமணத்தைத் திருமணச் சான்றிதழில் தேடினால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும்.

ஆனாலும் அந்தத் திருமணம் தடமில்லாமல் போவதில்லை. மொய்யைத் திருப்பிச் செய்வதற்காக ஒரு நோட்டு எழுதப்பட்டது. நிலத்தைப் பிரிப்பதற்காகப் பத்திரம் எழுதப்பட்டது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவும், அரிசி வாங்கவும், பனியன் கம்பெனியில் பி.எஃப். பிடிக்கவும் காகிதங்கள் எழுதப்பட்டன. இவற்றில் எதுவும் திருமணத்தை நிரூபிப்பதற்காக எழுதப்பட்டதல்ல. அதனாலேயே அவற்றில் வருவது பெரும்பாலும் நம்பத்தக்கது. எந்தக் காகிதம் எந்தத் தேவைக்காக எழுதப்பட்டது என்று தெரிந்தால், அதில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதும் தெரிந்துவிடும். வீட்டில் தொடங்கி, பெரியவர்களிடம் கேட்டு, அதன் பிறகு அலுவலகங்களுக்குப் போவதே சிக்கனமான வரிசை.

வீட்டில் உள்ளவை

முதலில் தேட வேண்டியது திருமணப் பத்திரிகை. பீரோவின் அடித்தட்டிலோ, பழைய பத்திரங்கள் வைத்த தகரப் பெட்டியிலோ, சாமி படத்துக்குப் பின்னாலோ ஒன்றாவது கிடைக்கும். அதைப் படிக்கும்போது தமிழ் ஆண்டில்தான் தவறு நேர்கிறது. ஒரு பத்திரிகையில் ‘ஆனந்த வருடம் தை மாதம் 24ஆம் தேதி’ என்று இருப்பதாகக் கொள்ளலாம். ஆனந்த ஆண்டு 1974 ஏப்ரலில் பிறந்தது. தை மாதம் அந்த ஆண்டின் பிற்பகுதியில் வருவதால் ஆங்கிலக் கணக்கில் அது 1975. ‘ஆனந்த என்றால் 1974’ என்று எழுதிக்கொண்டால் ஓராண்டு பிசகும். தை முதல் நாள் ஜனவரி 14இலோ 15இலோ விழும் என்பதால் தை 24 என்பது பிப்ரவரி 6 அல்லது 7. பத்திரிகையில் வியாழக்கிழமை என்று இருந்தால் 6. வெள்ளிக்கிழமை என்றால் 7. கிழமையையும் நட்சத்திரத்தையும் அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தோடு ஒத்துப்பார்த்தால் தேதி உறுதியாகும்.

தமிழ் ஆண்டுகள் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. ஆனந்த ஆண்டு 1914லும் வந்தது. பெற்றோர் திருமணத்தில் இந்தக் குழப்பம் வருவது அரிது; தாத்தா பாட்டி திருமணத்தில் வரும். அப்போது பத்திரிகையில் உள்ள மற்ற குறிப்புகள் கைகொடுக்கும். பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தையது. ‘பெரியார் மாவட்டம்’ என்று இருந்தால் 1979 செப்டம்பருக்குப் பிந்தையது. அதற்கு முந்தைய பத்திரிகைகளில் ‘கோவை ஜில்லா’ என்று இருக்கும். சுயமரியாதைத் திருமணமாக இருந்தால் முகூர்த்தத்துக்குப் பதிலாகத் தலைமை வகித்தவரின் பெயர் முன்னால் நிற்கும். ஈரோட்டிலிருந்து 1925இல் வெளிவரத் தொடங்கிய ‘குடி அரசு’ இதழ் இத்தகைய திருமணங்களைச் செய்தியாக வெளியிட்டது. ஆகவே பழைய சுயமரியாதைத் திருமணங்களுக்கு அந்த இதழ்த் தொகுப்பும் ஒரு சான்று. இத்திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு தந்த 7-ஏ பிரிவு 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நடந்தவற்றையும் அது செல்லுபடியாக்கியது.

பத்திரிகையைவிடச் செய்தி மிகுந்தது மொய் நோட்டு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, தேதி, யார் வீட்டுத் திருமணம் என்ற குறிப்பு. அதன் கீழே வரிவரியாக ஊர், தோட்டத்துப் பெயர், ஆள் பெயர், தொகை. கொங்கு நாட்டில் ஒரே ஊரில் ராமசாமியும் பழனிசாமியும் பலர் இருப்பார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டுவது தோட்டத்துப் பெயர்தான்: மேக்காலத் தோட்டம், பள்ளக்காடு, புதுத்தோட்டம். மொய் நோட்டில் ஒரு பெயர் எந்த ஊரின்கீழ் வருகிறது என்பதைக் கொண்டு அன்றைய உறவு எங்கெங்கே பரந்திருந்தது என்று வரைபடமே போட்டுவிடலாம். தாய்மாமன் பெயர் முன்வரிசையில் இருக்கும். தொகையும் பெரிதாக இருக்கும். இப்போது யாருக்கும் நினைவில்லாத ஒருவர் பெரிய தொகை எழுதியிருந்தால் அவர் நெருங்கிய உறவாக இருந்திருக்க வேண்டும். அல்லது அந்த வீட்டிலிருந்து அதற்கு முன் அவருக்கு அந்த அளவு மொய் போயிருக்க வேண்டும். விசாரிக்க வேண்டிய முதல் பெயர் அது.

தேதி கிழிந்துபோன நோட்டுக்கும் காலம் குறிக்க முடியும். ரூபாய், அணா, பை என்று எழுதியிருந்தால் அது தசம நாணயம் வந்த 1957 ஏப்ரலுக்கு முந்தையது, அல்லது பழைய கணக்கு இன்னும் விட்டுப்போகாத அடுத்த சில ஆண்டுகளைச் சேர்ந்தது. ‘ந.பை.’ என்று நயாபைசாவைக் குறித்திருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. நோட்டு எதிர்த்தரப்பு வீட்டிலும் இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. பெண் வீட்டார் தனியாகவும் மாப்பிள்ளை வீட்டார் தனியாகவும் மொய் எழுதியிருந்தால் இரண்டையும் பார்த்தால்தான் கணக்கு முழுமையாகும்.

மூன்றாவது, ஜாதகம். பிறந்த தேதிக்கு அது நல்ல சான்று. ஆனால் பஞ்சாங்க நாள் சூரிய உதயத்தில் தொடங்கி அடுத்த உதயத்தில் முடிகிறது. வெள்ளிக்கிழமை விடியற்காலை 3 மணிக்குப் பிறந்த குழந்தையின் ஜாதகத்தில் வியாழக்கிழமை என்றே இருக்கும். ‘உதயாதி நாழிகை’ என்று தரப்படும் எண்ணை 24ஆல் பெருக்கினால் அன்றைய உதயத்திலிருந்து கழிந்த நிமிடங்கள் கிடைக்கும். அதைக் கணக்கிட்டால் மருத்துவமனைச் சீட்டிலும் ஜாதகத்திலும் உள்ள ஒருநாள் வேறுபாடு தானாகவே தீர்ந்துவிடும்.

புகைப்படத்தில் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் முக்கியம். ஸ்டுடியோ முத்திரை, ஊர், சில சமயம் படச்சுருள் எண் ஆகியவை அங்கே இருக்கும். படத்தில் இணைச்சீர் செய்யும் பெண் மாப்பிள்ளையின் சகோதரி முறையாக இருப்பார். மணமக்களுக்குப் பின்னால் நிற்பவர்களின் பெயர்களை, அறிந்தவர் இருக்கும்போதே ஒரு படியின் மேல் எண் போட்டு எழுதிக்கொள்ள வேண்டும். மூலப்படத்தின் மேல் எழுதக் கூடாது.

பெரியவர்களிடம் கேட்பது

‘கல்யாணம் எந்த வருசம்?’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது. வந்தால் தவறாக வரும். எண்பது வயதுக்காரரின் நினைவு ஆண்டு எண்ணால் அடுக்கப்பட்டதல்ல, நிகழ்ச்சிகளால் அடுக்கப்பட்டது. ‘அண்ணா செத்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா?’ என்று கேட்டால் 1969 பிப்ரவரி 3 ஒரு எல்லைக்கல்லாக நிற்கும். எமர்ஜென்சி (1975 ஜூன்), இந்திரா காந்தி சுடப்பட்டது (1984 அக்டோபர் 31), எம்.ஜி.ஆர். மறைவு (1987 டிசம்பர் 24) ஆகியவையும் அப்படியே. வீட்டு நிகழ்ச்சிகள் இன்னும் கூர்மையானவை: கிணற்றுக்கு கரண்ட் வந்தது, ஓட்டு வீடு கட்டியது, மூத்த அத்தைக்கு எழுதிங்கள் சீர் செய்தது. ‘அப்போ கையில எந்தக் குழந்தை இருந்துச்சு?’ என்ற கேள்விக்குப் பெண்கள் தவறாகப் பதில் சொல்வது அரிது.

உறவுமுறைச் சொற்களைக் கேட்டபடியே எழுதிக்கொள்ள வேண்டும். இந்த வட்டாரத்தில் அப்பாரு என்றால் அப்பாவின் அப்பா. அப்பத்தா அவர் மனைவி. அப்புச்சி என்றால் அம்மாவின் அப்பா. அம்மிச்சி அம்மாவின் அம்மா. எல்லாரையும் ‘தாத்தா, பாட்டி’ என்று மாற்றி எழுதினால் எந்தப் பக்கம் என்ற செய்தி போய்விடும். ‘பங்காளி’ என்று சொன்னால் ஒரே கூட்டம், அதாவது பெண் கொடுத்து எடுக்காத வழி. ‘மாமன் மச்சான்’ என்றால் திருமண உறவு கொள்ளும் வழி. ஒரு சொல்லிலேயே இரண்டு தலைமுறைக்கு முந்தைய திருமணம் ஒன்று ஒளிந்திருக்கலாம்.

பெயர்களில் இரண்டு இடைஞ்சல்கள் உண்டு. கணவன் பெயரையும் மாமனார் பெயரையும் வாயால் சொல்லாத பெண்கள் முந்தைய தலைமுறையில் நிறைய. மாமனாரின் பெயரே பேரனுக்கும் வைக்கப்பட்டிருந்தால் பேரனையும் ‘பெரியவன்’, ‘சின்னச்சாமி’ என்று வேறு பெயரால் அழைப்பார்கள். ஆகவே மருமகளிடம் மாமனார் பெயரைக் கேட்பதைவிட அந்த மாமனாரின் மகளிடம் கேட்பது எளிது. அடுத்து, தாத்தாவின் பெயர் பேரனுக்கு வருவதால் ஒரே பெயர் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறை திரும்பத் திரும்ப வரும். பத்திரத்தில் ஒரு பெயரைக் கண்டதும் அது யாருடையது என்று முடிவு செய்யாமல், தந்தை பெயரையும் ஆண்டையும் பார்த்த பிறகே எழுத வேண்டும்.

ஒரே ஆளிடம் இரண்டு முறை, சில வாரங்கள் இடைவெளி விட்டுக் கேட்பது நல்லது. முதல் முறை சொல்லாமல் விட்டது இரண்டாம் முறை தானாக வரும். இரண்டாம் தாரம், தத்து, ஓடிப்போய்ச் செய்த திருமணம் போன்றவை வெளிவரும்போது அவசரத் தீர்ப்பு கூடாது. சென்னை மாகாணத்தில் இந்து ஆணின் இருதார மணம் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் தடுக்கப்பட்டது; அதற்கு முந்தைய இரண்டாம் திருமணம் அன்றைய சட்டப்படி செல்லும். பெண்ணின் வயதும் அப்படியே. 1929ஆம் ஆண்டு சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 என்றது. 1949இல் அது 15 ஆனது. 1978 திருத்தத்தில்தான் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்றானது. உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய செய்தியை அவர்கள் ஒப்புதல் இல்லாமல் குடும்ப வாட்ஸாப் குழுவில்கூடப் போடுவது முறையல்ல.

எந்த ஊர், எந்த அலுவலகம்

குன்னத்தூரில் தேடுபவரை அதிகம் அலையவிடுவது மாவட்ட மாற்றம். இன்று அது திருப்பூர் மாவட்டம், ஊத்துக்குளி வட்டத்தில் உள்ள பேரூராட்சி. 2009இல் திருப்பூர் மாவட்டம் பிறப்பதற்கு முன் அது ஈரோடு மாவட்டத்தின் பெருந்துறை வட்டத்தில் இருந்தது. அந்த ஈரோடு மாவட்டம் 1979 முதல் 1990களின் பிற்பகுதி வரை பெரியார் மாவட்டம். 1979க்கு முன் எல்லாமே கோயம்புத்தூர் மாவட்டம். ஒரே வீட்டில், ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தவருக்கு மூன்று மாவட்டங்களின் நான்கு பெயர்களில் எழுதப்பட்ட காகிதங்கள் இருக்கும். தபாலில் இப்போதும் ஈரோட்டுப் பக்கத்துக்குரிய 638 என்று தொடங்கும் பின்கோடுதான். சட்டமன்றத் தொகுதியும் பெருந்துறையே.

இதனால் விண்ணப்பங்களில் இன்றைய பெயரை மட்டும் எழுதினால் போதாது. ‘தற்போது திருப்பூர் மாவட்டம் ஊத்துக்குளி வட்டம், நிகழ்ச்சி நடந்தபோது கோயம்புத்தூர் மாவட்டம்’ என்று இரண்டையும் எழுத வேண்டும். பதிவுத்துறையின் எல்லையும் வருவாய்த்துறையின் எல்லையும் ஒன்றல்ல என்பதால், குறிப்பிட்ட கிராமம் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தின்கீழ் வருகிறது என்பதைப் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் முதலில் பார்த்துக்கொள்வது ஒரு நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

பிறப்பு, இறப்புப் பதிவேடுகள்

திருமணத்துக்கு மேல்வரம்பு தருவது முதல் குழந்தையின் பிறப்பு. அதைத் தேட வேண்டிய இடம் பெரும்பாலும் குன்னத்தூர் அல்ல, தாயின் பிறந்த ஊர். தலைப்பிரசவம் அம்மா வீட்டில் நடப்பது வழக்கம். பிறப்பு நடந்த இடத்தில்தான் பதிவும் நடக்கும். அப்பா ஊர்ப் பதிவேட்டில் மூத்த பிள்ளை இல்லை என்று கைவிடுபவர்கள், அப்புச்சி ஊர்ப் பதிவேட்டைப் பார்க்கத் தவறியவர்களே.

1969ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்துக்கு முன்பும் 1899ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டப்படி பதிவு நடந்தது. 1980 நவம்பரில் பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறை ஒழிக்கப்படும்வரை கிராமத்தில் மணியக்காரரும் கர்ணமும் கணக்கு எழுதினார்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலர் வந்தார். பேரூராட்சிப் பகுதிக்குப் பேரூராட்சி அலுவலகம். பழைய பதிவுகளில் குழந்தையின் பெயர் பெரும்பாலும் இராது. ‘ஆண்’ அல்லது ‘பெண்’, தந்தை பெயர், தாய் பெயர், தேதி, தகவல் சொன்னவர் ஆகியவை மட்டுமே இருக்கும். எனவே குழந்தையின் பெயரால் தேடச் சொன்னால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். தந்தை பெயரையும், உத்தேசத் தேதிக்கு முன்னும் பின்னும் ஓராண்டையும் குறிப்பிட்டுத் தேடச் சொல்ல வேண்டும். சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி கட்டணம் செலுத்தி யாரும் தேடச் சொல்லலாம், பிரதி பெறலாம். இறப்புப் பதிவின் பிரதியில் இறந்த காரணம் மட்டும் தரப்படாது.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டை இதற்கு ஈடாகக் கொள்ள முடியாது. வலக்கையைத் தலைக்கு மேல் வளைத்து இடக்காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது என்று சேர்த்துக்கொண்ட காலம் அது. தேதி தெரியாத பிள்ளைகளுக்கு வாத்தியார் மே, ஜூன் மாதங்களில் ஒரு தேதியைப் போட்டுக்கொண்டார். பெற்றோர் பெயர், ஊர், அப்பாவின் தொழில் ஆகியவற்றுக்கு அந்தப் பதிவேடு நல்ல சான்று. பிறந்த தேதிக்கு அல்ல.

பத்திரங்களும் 1989 என்ற ஆண்டும்

நிலமுள்ள குடும்பத்துக்குப் பத்திரங்களே குடும்ப வரலாறு. கிரயப் பத்திரத்தில் ‘த/பெ’, ‘க/பெ’ என்ற இரண்டெழுத்தில் உறவு சொல்லப்படுகிறது. ஒரு பெண்ணின் பெயர் ஒரு பத்திரத்தில் தந்தை பெயரோடும் அடுத்ததில் கணவர் பெயரோடும் வந்தால் இரண்டுக்கும் இடையில்தான் திருமணம். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் பங்காளிகள் அனைவரும் வயதோடு வரிசையாக வருவார்கள். தான செட்டில்மெண்டில் ‘என் மகளுக்கு’ என்ற சொல்லோடு காரணமும் எழுதப்பட்டிருக்கும்.

தமிழ்நாட்டில் பெண்ணின் திருமணத் தேதிக்கே சொத்து மதிப்பு ஏற்படுத்தியது இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு மாநிலம் கொண்டுவந்த திருத்தம். 1989 மார்ச் 25 அன்று திருமணமாகாமல் இருந்த மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு என்றது அது. அதற்கு முன் மணமானவருக்கு அந்த உரிமை இல்லை. 2005இல் வந்த மத்தியத் திருத்தம் மணமானவர், ஆகாதவர் என்ற வேறுபாட்டை நீக்கியது. இடைப்பட்ட 16 ஆண்டுகளில் எழுதப்பட்ட பாகப்பிரிவினைகளிலும் விடுதலைப் பத்திரங்களிலும், ‘எனக்கு இன்ன தேதியில் திருமணமாகிவிட்டபடியால்’ என்பது போன்ற வாசகம் இருக்கிறதா என்று வரிவரியாகப் பார்க்க வேண்டும். அம்மாவோ அத்தையோ அண்ணன் தம்பிகளுக்கு எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம் வீட்டில் கசப்பான நினைவாக இருக்கலாம். தேடுபவருக்கு அதுவே தேதியிட்ட, சாட்சிகள் கையெழுத்திட்ட ஆவணம். ஆனால் இந்த ஒரு தேதியில் எச்சரிக்கை வேண்டும். பங்கு கொடுக்கவோ மறுக்கவோ காரணமாக இருந்த தேதி அது. 1989 மார்ச்சுக்கு ஒட்டிய திருமணம் என்றால் பத்திரிகையோடு ஒப்பிடாமல் ஏற்கக் கூடாது.

வில்லங்கச் சான்று பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதல் இணையத்தில் கிடைக்கிறது. அதற்கு முந்தையதற்கு அலுவலகத்தில் தேடுதல் மனு போட வேண்டும். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி முதல் அட்டவணை ஆள் பெயர்களுக்கும் இரண்டாம் அட்டவணை சொத்துகளுக்கும் உரியவை. சர்வே எண் தெரியாதவர்கள் முதல் அட்டவணையில் தாத்தாவின் பெயரைக் கொண்டே தேடலாம். அசையாச் சொத்துப் பதிவுகளைக் கட்டணம் செலுத்தி யாரும் பார்வையிட முடியும். உயிலின் நகல் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவர் முகவருக்கோ மட்டுமே. இறந்த பிறகு கேட்பவருக்குக் கிடைக்கும்.

நிலமில்லாதவர்களும் பனியன் கம்பெனிக் காகிதங்களும்

பத்திரம் இல்லாத வீடுகளே இந்த வட்டாரத்தில் அதிகம். தோட்டவேலை செய்தவர்கள், தறி ஓட்டியவர்கள், தெற்கு மாவட்டங்களிலிருந்து பனியன் வேலைக்கு வந்து தங்கிவிட்டவர்கள் ஆகியோரின் குடும்ப வரலாறு வேலைக் காகிதங்களில் இருக்கிறது. பி.எஃப். பிடித்த கம்பெனியில் சேர்ந்தவர் படிவம் 2 என்ற நியமனப் படிவம் எழுதியிருப்பார். குடும்பம் இல்லாதவர் செய்த நியமனம் அவருக்குக் குடும்பம் வந்ததும் செல்லாமல் போகும். புதிதாக எழுத வேண்டும். எனவே அம்மா பெயருக்கு ஒரு படிவம், மனைவி பெயருக்கு இன்னொரு படிவம் என்று இரண்டு இருந்தால் திருமணம் அவற்றின் தேதிகளுக்கு நடுவே. இ.எஸ்.ஐ. உறுதிமொழிப் படிவத்தில் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோரின் பெயரும் பிறந்த தேதியும் இருக்கும். கட்டிங்கிலோ செக்கிங்கிலோ வேலை செய்த பெண்ணின் பழைய அடையாள அட்டையில் இனிஷியல் மாறியிருக்கிறதா என்று பார்ப்பதும் பயன் தரும். வாரச் சம்பளத்துக்கு, பீஸ் ரேட்டுக்கு வேலை செய்து எதிலும் பெயர் ஏறாதவர்கள் ஏராளம். அவர்களுக்குப் பின்வரும் காகிதங்கள் உதவும்.

குடும்ப அட்டை: திருமணமான பெண்ணின் பெயரைப் பிறந்த வீட்டு அட்டையிலிருந்து நீக்கினால்தான் புகுந்த வீட்டு அட்டையில் சேர்க்க முடியும். அதற்கான பெயர் நீக்கச் சான்று, பழைய அட்டையில் சிவப்பு மையில் அடித்த வரி ஆகிய இரண்டும் திருமணத்தின் தடங்கள். சில மாதங்கள் தாமதமாக இருக்கும், முந்தியதாக இருக்காது.

வாக்காளர் பட்டியல்: பெண்ணுக்குத் தந்தை பெயரோ கணவர் பெயரோ, வீட்டு எண்ணோடு வரும். 2025இல் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தையொட்டி 2002, 2005ஆம் ஆண்டுகளின் பட்டியல்கள் இணையத்தில் வெளியாயின. குன்னத்தூர்க்காரர்கள் தங்கள் பெயரைத் திருப்பூரில் தேடாமல் பெருந்துறைத் தொகுதியில் தேட வேண்டும்.

திருமண உதவிக் கோப்பு: 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டத்தில் ஏழைக் குடும்பங்கள் திருமணத்துக்கு முன்பே பத்திரிகை, வயதுச் சான்று ஆகியவற்றோடு விண்ணப்பித்தன. 2022இல் இத்திட்டம் உயர்கல்வி உதவியாக, ‘புதுமைப் பெண்’ திட்டமாக மாற்றப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் உதவி பெற்றவரின் விவரத்தைச் சமூக நலத் துறையிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களைத் தேடுவதில் பயனில்லை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழைய கணக்கெடுப்பைக் கொண்டே வம்சாவளி எழுதுகிறார்கள். இந்தியாவில் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு தனிநபர் விவரங்களைப் பார்வைக்குத் தரத் தடை விதிக்கிறது.

கோயில், தேவாலயம், பள்ளிவாசல்

கதித்தமலை, சிவன்மலை, சென்னிமலை, அவிநாசி ஆகிய கோயில்களில் தாலி கட்டிக்கொள்வது இப்பகுதியில் இருந்துவரும் வழக்கம். கோயிலில் திருமணத்துக்குக் கட்டணம் செலுத்திய ரசீதில் தேதியும் இரு வீட்டார் பெயரும் இருக்கும். ரசீது வீட்டில் இல்லையென்றால் கோயில் அலுவலகத்தில் அடிக்கட்டையைக் கேட்டுப் பார்க்கலாம். குலதெய்வக் கோயிலின் வரிப் புத்தகமும் பயனுள்ளது. தலைக்கட்டு வரி மணமான ஆணுக்கே விதிக்கப்படும் கோயில்களில், ஒருவர் பெயர் முதன்முதலாக ஏறிய ஆண்டு அவர் திருமணத்தை ஒட்டியதாக இருக்கும்.

கிறித்தவர்களுக்கு 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவேடு எழுதுவது கடமை. ஆகவே இங்கே நேரடிச் சான்று எதிர்பார்க்கலாம். கத்தோலிக்கர் ஒருவரின் திருமணம், அவர் திருமுழுக்குப் பெற்ற பங்கின் பதிவேட்டிலும் ஓரக்குறிப்பாக ஏற்றப்படும். எந்த ஊரில் திருமணம் என்று தெரியாதபோது பிறந்த ஊர்ப் பங்கில் தொடங்கினால் அந்தக் குறிப்பே வழி சொல்லும். இசுலாமியர்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டில் மணமக்கள், வலீ, சாட்சிகள், மஹர் தொகை ஆகிய அனைத்தும் உண்டு. பெரும்பாலும் அது மணமகளின் ஊர் ஜமாஅத்தில் இருக்கும்.

ஒத்துப்பார்த்தல்

கிடைத்தவற்றை மூன்று தரமாகப் பிரிப்பது நலம். நிகழ்ச்சி நடந்த அன்றோ அதை ஒட்டியோ எழுதப்பட்டது முதல் தரம். பத்திரிகை, மொய் நோட்டு, பிறப்புப் பதிவு இதில் அடங்கும். வேறு தேவைக்காகப் பின்னால் எழுதப்பட்டது இரண்டாம் தரம். பள்ளிப் பதிவேடு, குடும்ப அட்டை, பத்திரம் இதில் வரும். நினைவிலிருந்து சொன்னது மூன்றாம் தரம். ஒரு மாதிரிக் கணக்கு இதை விளக்கும். பத்திரிகைப்படி திருமணம் 1975 பிப்ரவரி. மூத்த மகனின் பள்ளிச் சான்றில் பிறந்த தேதி 1975 ஜூன் 10. நான்கே மாதம்! குடும்பத்தில் யாரும் வாய்திறக்காத ஏதோ ஒன்று இருப்பதாக எண்ணத் தோன்றும். அம்மாவின் ஊர்ப் பிறப்புப் பதிவேட்டில் பார்த்தால் 1976 மார்ச். 1980 ஜூனில் நான்கேகால் வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்காக ஐந்து வயது நிறைந்ததுபோல் தேதி எழுதப்பட்டது என்பது அப்போதுதான் விளங்கும். முதல் தரச் சான்று இருக்கும்போது இரண்டாம் தரத்தை வைத்துக் கதை கட்டக் கூடாது.

முதல் தரச் சான்று எதுவும் கிடைக்காவிட்டால் திருமணத்தை ஒரு தேதியாக எழுதாமல் ஓர் இடைவெளியாக எழுத வேண்டும்: ‘தந்தை பெயரோடு பத்திரத்தில் வந்த 1971க்குப் பின், முதல் குழந்தை பிறந்த 1974க்கு முன்’. பாஸ்போர்ட், வாரிசுச் சான்று, வெளிநாட்டுக் குடியேற்றம் போன்ற தேவைகளுக்கும் ஒரு தனிக் காகிதத்தைவிட ஒன்றையொன்று தாங்கும் பல காகிதங்களே வலுவானவை. நெடுங்காலம் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களை மணமானவர்களாகவே நீதிமன்றங்கள் அனுமானிக்கின்றன. உரிய இடத்திலிருந்து எடுத்துவரப்பட்ட 30 ஆண்டுப் பழைய ஆவணத்துக்கும் சாட்சியச் சட்டத்தில் தனி மதிப்பு உண்டு. எனவே மொய் நோட்டும் பத்திரிகையும் எந்த வீட்டில், யார் பொறுப்பில் இருந்தன என்பதையும் குறித்துவைக்க வேண்டும்.

தேடல் முடிந்ததும் எல்லாவற்றையும் படியெடுத்து, பெண் வீட்டு வழியில் ஒருவரிடமும் மாப்பிள்ளை வீட்டு வழியில் ஒருவரிடமும் ஒவ்வொரு தொகுப்பாகக் கொடுத்துவைப்பது பாதுகாப்பு. ஒவ்வொரு தகவலுக்கும் அருகில் அது கிடைத்த இடம், தரம், சொன்னவர் பெயர் ஆகியவை இருக்க வேண்டும். மூல மொய் நோட்டு, அதைப் பேணிவந்த வீட்டிலேயே இருக்கட்டும். அந்த வீட்டுக்கு அது இன்னும் நடப்பிலுள்ள கணக்கு.